பக்கத்து வீட்டுக் கிடாவின் மேல் போட்ட பழி

“…அப்படின்னா நம்ம பையன் ஒண்ணும் பண்ணல, ஹவ்? ஆமாதானே?” என்றார் பக்கத்து வீட்டு பாய்.

கேட்டது டாக்டரம்மாவிடம். கண் மட்டும் ஸ்கேன் பெட்டியின் சின்னத் திரையை விட்டு அகலவில்லை. கால்நடை ஆஸ்பத்திரியின் பரிசோதனை மேசைமேல் என் வெள்ளாடு நின்றுகொண்டிருந்தது. கயிறு என் கையில் இருந்தது. பையன் என்று பாய் சொன்னது அவருடைய கிடாவை. அந்தக் கேள்வி வந்ததும் எனக்கு அந்த அறைக்குள் நிற்கவே இடமில்லாததுபோல் ஆகிவிட்டது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

நான் செகந்திராபாத்தில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். கொள்ளுத்தாத்தா காலத்தில் ஆற்காட்டுப் பக்கமிருந்து பட்டாளத்தோடு வந்த குடும்பம் எங்களுடையது. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. மிச்சப் படிப்பெல்லாம் மாவு வாங்க வருகிறவர்களின் வாயிலிருந்து கிடைத்ததுதான். யார் என்ன சொன்னாலும் எடுத்து வைத்துக்கொள்வேன், அடுத்தவருக்குச் சொல்வேன், கூடவே என் சரக்கையும் கொஞ்சம் சேர்த்துவிடுவேன். வீட்டுக்காரர் பாலாநகரில் லேத் ஓட்டுகிறார். “உன் கிரைண்டருக்காவது சுவிட்சு கீது” என்பார்.

கறுப்பு உளுந்தை ஊறவைத்துக் கழுவினால் வாளி வாளியாகத் தோல் வரும். அதைச் சாக்கடையில் கொட்ட மனசு வராமல்தான் ஆடு வாங்கினேன். வெள்ளை ஆடு, நெற்றியில் மட்டும் பழுப்பு. முதல் ஈற்றிலேயே குட்டி குறுக்கே மாட்டிக்கொண்டது. டாக்டரம்மா வீட்டுக்கே வந்து, கையை உள்ளே விட்டு மெதுவாகத் திருப்பி எடுத்தார். குட்டி செத்தே வந்தது. ஆடு பிழைத்தது. “ஒரு வருஷமாவது கிடா பக்கம் விடாதீங்க. கர்ப்பப்பை ஆறட்டும்” என்றார்.

நான் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன். ஆடு பருவத்துக்கு வந்து, வாலை ஆட்டிக்கொண்டு நாளெல்லாம் கத்தும். கதவைச் சாத்திவிடுவேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாயின் கிடா பதிலுக்குக் கத்தும். நடுவில் நான், இரண்டையும் திட்டிக்கொண்டு மாவு அள்ளுவேன்.

பாய் பக்கத்து வீட்டுக்காரர். செகந்திராபாத் ஸ்டேஷனுக்கும் பாலாநகருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவருடைய அம்மா வாணியம்பாடி, அதனால் எங்களோடு தமிழிலேயே பேசுவார்; உணர்ச்சி வந்தால் மட்டும் இந்த ஊர் உருது முந்திக்கொள்ளும். என்னைத் தங்கச்சி என்பார். அவருடைய கிடா எங்கள் சந்துக்கே பெயர் வாங்கிக்கொடுத்தது. கரிய உடம்பு, தொங்கு காது, மார்வரை தாடி. சந்து முனையில் திரும்பும்போதே அதன் வாடை வந்து வழி சொல்லும். போயின்பள்ளியிலிருந்தெல்லாம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். பாய் புதிதாய்ச் சட்டை போட்டுக்கொண்டு, மாப்பிள்ளைக்கு அப்பா மாதிரி கேட்டில் நிற்பார். “மாப்பிள்ளை இன்னிக்கி ஃப்ரீயா பாய்?” என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்பார்கள். “கேட்டுச் சொல்றேன்” என்று உள்ளே போய், நிஜமாகவே கேட்டுவிட்டு வருவார்.

ஒரு மத்தியானம் அந்தக் கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு எங்கள் கொல்லைக்குள் வந்துவிட்டது. பாயே ஓடி வந்து பிடித்துக்கொண்டு போனார். ஆடு இருந்த கொட்டகைக் கதவு சாத்தித்தான் இருந்தது. அன்றைக்கு நாங்கள் சிரித்துக்கொண்டோம்.

அதற்கப்புறம் ஆடு கத்துவதை நிறுத்தியது. பருவத்துக்கு வரவேயில்லை. மெல்ல மெல்ல வயிறு இறங்கி, இரண்டு பக்கமும் புடைத்தது. மாவு பொங்கினால் உள்ளே காற்று என்று தினமும் பார்க்கிறவள் நான். வயிறு பொங்கினால் உள்ளே குட்டி என்றுதான் எனக்குத் தோன்றியது. வேறொன்றும் இருக்கலாம் என்ற நினைப்பே வரவில்லை. மாவு வாங்க வந்தவர்களும் வயிற்றைத் தடவிப் பார்த்து, “ரெண்டு குட்டி நிச்சயம்” என்றார்கள். எனக்குச் செத்துப்போன அந்தக் குட்டியின் கால்கள்தான் கண்ணுக்குள் வந்தன. இந்தப் பெரிய கிடாவின் குட்டி என்றால் இன்னும் பெரிதாக இருக்கும், இந்த முறை ஆடு பிழைக்காது என்று பயம் பிடித்துக்கொண்டது. எனக்குப் பயம் வந்தால் அது வாய் வழியாகத்தான் வெளியே வரும்.

மறுநாள் காலையில் பாயின் கேட்டில் போய் நின்றேன்.

“இன்னா பாய், கிடாவ கட்டி வெக்க மாட்டீங்களா?”

“கட்டிதான் தங்கச்சி வெச்சிருக்கேன். ஒரு தடவ அறுத்துக்கினு வந்துச்சு, இல்லேன்னு சொல்லல. ஆனா உங்க கதவு சாத்தி இருந்துச்சே.”

“சாத்தி இருந்துச்சுன்னா இது எப்பிடி வந்துச்சு? காத்துல வந்துச்சா?”

சந்து சிரித்தது. தண்ணீர் பிடிக்க நின்றவர்கள், இஸ்திரி வண்டிக்காரர், எல்லோரும். சிரிப்பைக் கேட்டதும் எனக்கு ஒரு தெம்பு வந்துவிட்டது. அந்தத் தெம்பில் இன்னொன்றும் சொன்னேன். “இது பெத்துப்போட முடியாம செத்துச்சுன்னா அந்தப் பாவம் உங்க கிடா தலையிலதான் பாய்.” என் மகள் பின்னால் வந்து கையைப் பிடித்து இழுத்து, “ஊருக்கோம்மா” என்று தெலுங்கில் அடக்கினாள். சும்மா இரு என்றால் இருக்கிற ஆளா நான்.

பாய் திரும்பிக் கிடாவைப் பார்த்தார். நான் சொன்னதில் பாதியை அவர் நம்பிவிட்டார் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. தான் பார்க்காத நேரத்தில் என்ன நடந்ததோ என்று தன் பிள்ளையையே சந்தேகப்படுகிற அப்பனின் பார்வை அது. எனக்கு அப்போது அது வெற்றிபோல் இருந்தது.

அன்றைய தினத்திலிருந்து அவர் ஆட்டோவின் கூரைமேல் சுபாபுல் தழையைக் கட்டிக்கொண்டு வந்து எங்கள் கொட்டகையில் போட ஆரம்பித்தார். அவருடைய மனைவி வெல்லமும் ஓமமும் இடித்து உருண்டை பிடித்து அனுப்பினார். “பஹு எப்பிடி இருக்கா?” என்று பாய் சுவருக்கு மேலே எட்டிப்பார்த்துக் கேட்பார். பஹு என்றால் மருமகள். ஜனங்கள் எங்களைச் சம்பந்தி என்று கேலி செய்தார்கள். நானும் அந்த மரியாதையை உரிமையாகவே வாங்கிக்கொண்டேன். ஒருநாள் தழை வராவிட்டால், “சம்பந்தி வீட்ல மறந்துட்டாங்க போல” என்று காதில் விழும்படி சொல்லியிருக்கிறேன்.

பிறகொரு சாயங்காலம், நான் ஒருவருக்கு மாவு அள்ளிக்கொண்டிருந்தபோது பாய் வந்து ஓரமாக நின்றார். வந்தவர் போகும்வரை காத்திருந்தார்.

“இனிமே உங்களுக்கு அந்தப் பயம் வேணாம் தங்கச்சி. போயின்பள்ளியில முகாம் போட்டிருந்தாங்க. பையனுக்குக் காயடிச்சிட்டேன்.”

நான் கரண்டியை மாவுக்குள்ளேயே விட்டேன்.

“இடுக்கி மாதிரி ஒண்ணு வெச்சு ஒரு அமுக்கு, அவ்ளோதான். ரத்தமே இல்ல. டரோ நக்கோ, டரோ நக்கோன்னு சொல்லிக்கினே இருந்தேன். பயப்படாதேன்னு. என் மூஞ்சியப் பாத்துக்கினே இருந்தான், அதான் தாங்கல. இந்தத் துண்டால கண்ண மூடிட்டேன்.” தோளில் கிடந்த கட்டம் போட்ட துண்டைத் தொட்டுக் காட்டினார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? எதையாவது சொல்லியிருக்கலாம். சும்மா இருந்தாலே போதும். “நல்லதாப் போச்சு பாய்” என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

கொஞ்ச நாளில் கிடாவின் வாடை போய்விட்டது. எத்தனை பேர் எத்தனை காலம் அந்த வாடையைத் திட்டியிருக்கிறோம். சந்து முனையில் திரும்பினால் இப்போது பஜ்ஜி வாசனையும் பெட்ரோல் வாசனையும்தான். கிடா கொழுத்தது, சுவர் பக்கம் வந்து நிற்பதை விட்டுவிட்டது. போயின்பள்ளிக்காரர்கள் ஒருமுறை வந்து, விஷயம் கேட்டு, ஆட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனார்கள். கேட்டில் நிற்கப் பாய்க்கு வேலையில்லாமல் போயிற்று. அந்தச் சுத்தமான காற்றை இழுக்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ உறுத்தும். ‘குட்டி பிறக்கட்டும், ஒன்றை அவருக்கே கொடுத்துவிடலாம்’ என்று சொல்லி அதை அமுக்கிவைத்தேன். கொடுப்பது பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

குட்டி பிறக்கவில்லை. ஐந்து மாதம் தாண்டியும் மடி இறங்கவில்லை, காம்பு வீங்கவில்லை. ஆடு மேய்கிறது, அசைபோடுகிறது, வயிறு மட்டும் பானைபோல் ஆடுகிறது. “உள்ளயே செத்துடுச்சோ?” என்று மாவு வாங்க வந்த ஒரு அம்மா கேட்டுவிட்டுப் போனார். அதற்குப்பின் எனக்குச் சோறு இறங்கவில்லை. பாயிடம் சொன்னேன். அவர் அன்றைக்குச் சவாரியை விட்டுவிட்டார். ஆட்டோவின் பின்சீட்டில் ஆடும் நானும். “பள்ளம் வருது, பிடிச்சுக்கோங்க” என்று ஒவ்வொரு பள்ளத்துக்கும் சொல்லிக்கொண்டே ஓட்டினார். ஆட்டைப் பிடிக்கச் சொன்னாரா, என்னையா, தெரியவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டோம்.

டாக்டரம்மா வயிற்றில் ரோமத்தை ஒதுக்கி, பசையைத் தடவி, கருவியை வைத்தார். திரை முழுக்கக் கறுப்பு. நடுநடுவே வெள்ளைக் கோடுகள் மெல்ல அலைந்தன. கருவியை அங்கும் இங்கும் நகர்த்திப் பார்த்தார். அவர் தெலுங்கில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

“குட்டி இல்லம்மா. எலும்பு இல்ல, துடிப்பு இல்ல. கறுப்பாத் தெரியறது பூரா தண்ணி. பொய்ச் சினை.”

“பொய்யா?”

“ஆடு பொய் சொல்லல. அதுவும் சினைன்னுதான் நினைச்சுக்கிட்டிருக்கு. சினைப்பையில கரைய வேண்டிய ஒரு கட்டி கரையாம உக்காந்துடுச்சு. அது இருக்கிற வரைக்கும் கர்ப்பப்பை வாயை மூடிக்கிட்டு உள்ள தண்ணியச் சேர்த்துக்கிட்டே இருக்கும். இதுக்குக் கிடா வேணும்னே இல்ல.”

“எங்க தப்பா டாக்டரம்மா?” என்றேன். ஆமாம் என்று சொல்லிவிட்டால் தேவலை என்று இருந்தது.

“கிடா சேராமலே பருவம் தள்ளிப்போற ஆடுங்ககிட்ட இதக் கொஞ்சம் அதிகமாப் பாக்கறோம். ஆனா விடாதீங்கன்னு சொன்னது நான். அதுல உங்க தப்பு என்ன இருக்கு?”

அவர் மன்னித்தது வேறு கணக்கு. என் கணக்கு பாயின் உருவத்தில் பின்னால் சுவரோரம் நின்றுகொண்டிருந்தது.

டாக்டரம்மா ஊசி மருந்தை எடுத்துக்கொண்டே பேசினார். “இதுல அந்தக் கட்டி கரையும். ரெண்டு மூணு நாள்ல தண்ணி மொத்தமாக் கொட்டும், பயந்துடாதீங்க. சில ஆடு பெத்த மாதிரியே தரையை நக்கும், குட்டியத் தேடிக் கத்தும். கூட இருங்க. அதுக்கப்புறம் பருவத்துக்கு வந்தா கிடாகிட்ட விட்டுடுங்க. வெறுமனே விட்டா மறுபடி வரலாம்.” மருந்தை உறிஞ்சிய ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “உங்க பக்கத்துல நல்ல கிடா ஏதாவது இருக்கா?”

வெளியே ஒரு எருமை இருமியது. அப்போதுதான் பாய் திரையைப் பார்த்தபடியே கேட்டார், தன் பையன் ஒன்றும் பண்ணவில்லையா என்று.

“எந்தக் கிடாவும் பண்ணல பாய்” என்றார் டாக்டரம்மா, விவரம் தெரியாமல்.

பாயின் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். பிள்ளைமேல் இருந்த கறை போயிற்று என்கிற சந்தோஷம். அது அப்படியே மெல்ல இறங்கி, எங்கேயோ போயிற்று.

“பாய், நான்…” என்று ஆரம்பித்தேன். சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி பேசிய வாய், அந்தச் சின்ன அறையில் அதற்குமேல் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. கையிலிருந்து கயிறு நழுவியது. ஆடு மேசைமேல் மிரண்டு காலை உதைத்தது.

“யாராவது ஆட்டைக் கெட்டியாப் பிடிங்க” என்றார் டாக்டரம்மா.

பாய் என்னைத் தாண்டி வந்து ஆட்டின் கழுத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். தோளில் கிடந்த கட்டம் போட்ட துண்டை உருவி அதன் கண்களை மூடினார். பிறகு காதருகே குனிந்து, “டரோ நக்கோ பேட்டி, டரோ நக்கோ” என்று, பெற்ற மகளைத் தேற்றுவதுபோல், ஊசி இறங்கி வெளியே வரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.