கொப்பியின் இரண்டாவது உறை

ஐம்பதுகளின் நடுப்பகுதி. நம் இலங்கை சீனாவுக்கு ரப்பர் கொடுத்து அரிசி வாங்கிக்கொண்டிருந்த காலம். ஆண்டை அடித்துச் சொல்ல என்னிடம் சான்று இல்லை. கிழமை மட்டும் நிச்சயம்: அன்று காலை தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு அடிக்கவில்லை, ஆகவே ஞாயிறு. மழை தொடங்கி ஒன்பது நாளாகியிருந்தது.

அக்கா டிக்கோயா ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் திருச்சபையின் உதவியால், அமெரிக்காவில் தாதிப் படிப்புக்கு அவளுக்கு ஓர் இடம் கிடைக்கும் போலிருந்தது. அதற்கு, ஹட்டனில் படிப்பித்துக்கொண்டிருந்த ஓர் அமெரிக்க அம்மையார் வீட்டுக்கு வந்து பார்த்துக் கடிதம் எழுத வேண்டும். இந்தக் குடும்பத்துக்குக் கம்யூனிஸ்டுகளோடு உறவில்லை என்ற ஒரு வரி அதில் இருந்தே ஆக வேண்டுமாம்.

அந்த வரிக்கு இடைஞ்சல் சித்தப்பா. தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை. மே தினத்தில் சிவப்புச் சட்டை. சங்கத்திலிருந்து அவர் கொண்டுவரும் ருஷ்யப் படப் பத்திரிகைகளை எழுத்துக்காக யாரும் தேடியதில்லை. அந்த வழுவழுப்பான தாள் பள்ளிக்கூடக் கொப்பிக்கு உறை போட வாய்த்ததைப் போல வேறெதுவும் வாய்க்காது. எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் எல்லாருடைய கொப்பிகளிலும் டிராக்டர் ஓடியது.

அப்பா தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார். அம்மையார் வரும் நாள் என்பதால் சித்தப்பாவை அன்று ராகலையிலிருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பினார்.

“அண்ணே, அம்புட்டுப் பெரிய நாடு நம்ம பத்தடிக் காம்பராவப் பாத்தா பயப்படுது?” என்று சிரித்தார் சித்தப்பா.

“பயப்படுறவங்க கையிலதான்டா புள்ளையோட கடுதாசி இருக்கு. பஸ்ஸு வந்துரும், கெளம்பு.”

கொப்பி உறைகளைக் கிழித்து அடுப்பில் போடச் சொல்லி அம்மா என்னிடம் உத்தரவிட்டாள். எனக்கு மனம் வரவில்லை. முஸ்லிம் நானாவின் கடையில் சீனி கட்டித் தந்த காகிதப் பையை வெட்டி, கோதுமை மாப் பசையால் டிராக்டருக்கு மேலேயே இரண்டாவது உறை ஒட்டினேன். ஹட்டன் மழையில் பசை காயாது என்பது மலைநாட்டில் பிறந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அம்மையார் வந்தார். தேநீர் குடித்தார். எல்லாம் நன்றாகவே போனது. பிறகு சின்னவளான என் கொப்பியைப் பார்க்கலாமா என்று கேட்டார். அப்பாவுக்கு வாத்தியார் பெருமை, எடுத்துக் கொடுத்துவிட்டார். அம்மையார் வாங்கியதும் சீனிப் பை அப்படியே வழுக்கி அவர் மடியில் விழுந்தது. உள்ளே டிராக்டர், அதன்மேல் சிவப்புத் தலைத்துணி கட்டிய பெண், பின்னால் கொடி.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். அக்கா சுவரைப் பார்த்தாள். அம்மையார் முதலில் பார்த்தது வாசலை. பிறகு ஈரத் தாளை எடுத்து, பழையபடி சுற்றி, ஓரங்களைக் கட்டை விரலால் அழுத்தி ஒட்டினார். அவர் கைகள் நடுங்கின.

நான் உள்ளே ஓடி அம்மாவின் கம்பளியைக் கொண்டுவந்து அவர் தோளில் போட்டேன்.

“அடியே, மலைக்கிக் கொழுந்தெடுக்கப் போட்டுட்டுப் போற கம்பளிடி அது!” என்று பதறினாள் அம்மா. அம்மையார் அதை இழுத்துப் போர்த்திக்கொண்டு சிரித்தார். அப்பாவுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

கடிதம் போயிற்று. அந்த வரியும் அதில் இருந்தது. கொழும்பில் அக்காவைக் கப்பலேற்றிவிட்டுத் திரும்பிய அப்பா, ரயிலிலேயே ஹட்டன் வரை தூங்கினாராம். பல மாதத் தூக்கம்.

அம்மையாரின் கதையை அக்கா பல ஆண்டுகள் கழித்து எழுதினாள். அவர் கணவர் அங்கே ஒரு கல்லூரியில் ஆசிரியராக இருந்தாராம். இளவயதில் ஏதோ ஒரு கம்யூனிஸ்டுக் கூட்டத்துக்குப் போயிருந்தார் என்பதற்காக வேலை போய்விட்டது. அண்டை வீட்டார் பேச்சை நிறுத்தினார்கள். வீட்டிலிருந்த புத்தகங்களை அம்மையார் தம் கையாலேயே அடுப்பில் போட்டாராம். அதன் பிறகுதான் இருவரும் இலங்கைக்கு வந்திருக்கிறார்கள்.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: பாவம், அமெரிக்காக்காரர்களுக்கு நம் ஊர்க் குளிர் ஒத்துக்கொள்வதில்லை.