தட்டிக்கு இந்தப் பக்கம்

ஜெயபாரதி சீனாவிலிருந்து திரும்பி வந்தபோது தி. நகரில் அவளிடம் கேட்காத கேள்வி இல்லை. "பாம்பு தின்னியா?" "தவளை எப்படி, கோழி மாதிரி இருக்குமா?" மதினியின் அம்மா நங்கநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்து, "கரப்பான்பூச்சியைக்கூட விடமாட்டானாமே!" என்று முகத்தைச் சுளித்துவிட்டுப் போனாள். எதைத் தின்றாய் என்று துருவிய ஒருவராவது, யாரோடு உட்கார்ந்து தின்றாய் என்று கேட்டார்களா? கேட்டிருந்தால், "யாரோடும் இல்லை" என்று சொல்லியிருப்பாள், பாவம்.

பீக்கிங்கில் நம் தூதரகத்தில் அவள் ஸ்டெனோ. அறுபத்தெட்டில் போனாள், எழுபத்தொன்றில் வந்தாள். கல்யாணமாகாத பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று வானத்துக்கும் பூமிக்கும் குதித்த அண்ணன் அய்யாதுரை, பாண்டி பஜார் ஜவுளிக்கடையில் வருகிறவர்களிடமெல்லாம், "எந் தங்கச்சி சீனாவுல இருக்கா" என்று பெருமையடித்துக்கொண்டது வேறு கதை.

அங்கே வெளியே சாப்பிடப் போவதென்றால் இதுதான் நடக்கும். சாப்பாட்டுக் கடைக்குள் அவள் கால் வைத்ததும் அத்தனை தலையும் திரும்பும். பேச்சு நிற்கும். பணிப்பெண் ஓடிவந்து, சிரித்த முகமாக, கையைப் பிடிக்காத குறையாக, பின்னால் இருக்கும் தனி அறைக்குக் கூட்டிப்போவாள். வெளிநாட்டுக்காரர்களுக்கென்று ஒதுக்கிய அறை. ஒரு மேஜை, ஒரு பல்பு, வாசலை மறைத்து மடக்குத் தட்டி ஒன்று. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. சாப்பாடும் அருமைதான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் தட்டிக்கு அந்தப் பக்கம் ஊரே உட்கார்ந்து உறிஞ்சிக் குடிக்கும், இருமும், சிரிக்கும், நாற்காலியை இழுக்கும். இந்தப் பக்கம் இவள் ஒருத்தி, தன் வாய் மெல்லும் சத்தத்தைத் தானே கேட்டுக்கொண்டு. அந்த நாளில் அங்கே வெளிநாட்டாரோடு பேசினாலே வம்பு. அந்த ஊர் ஜனங்களைக் குற்றம் சொல்லி என்ன செய்ய?

ஒரே ஒரு தடவை அது மாறியது. குளிர்காலம். தனி அறைக் கணப்பு அணைந்துபோயிருந்தது. பணிப்பெண் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, கூடத்திலேயே, கணப்புக்குப் பக்கத்தில் இருந்த மேஜையில் அவளை உட்காரவைத்தாள். எதிரே பருத்திக் கோட்டு போட்ட ஒரு கிழவி, நம்மூர்க் கொழுக்கட்டை மாதிரி ஒன்றைத் தின்றுகொண்டிருந்தாள். பேசவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஜெயபாரதியின் தட்டு வந்ததும், தொட்டுக்கொள்ளும் புளிப்புக் காடிக் குப்பியை மெல்ல இவள் பக்கம் தள்ளிவைத்துவிட்டுத் தன்பாட்டுக்குத் தின்றாள். அவ்வளவுதான். ஜெயபாரதி அன்றைக்குத் தட்டில் ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. அடுத்த வாரம் கணப்பு சரியாகிவிட்டது. மறுபடி தட்டி.

'இருக்கட்டும். ஊருக்குப் போனதும் நடுக்கூடத்தில், நாலு பேர் இடிக்க உட்கார்ந்து சாப்பிடுவேன்' என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள். மிச்சமிருந்த காலத்தை அந்த நினைப்பில்தான் ஓட்டினாள்.

வந்த முதல் சனிக்கிழமையே மயிலாப்பூரில் குளத்துப் பக்கம் இருந்த ஒரு ஹோட்டலுக்குப் போனாள். சாம்பார் வாசனையும் தட்டுச் சத்தமும் வாசலிலேயே ஆளை இழுத்தன. உள்ளே நுழைந்ததும் அத்தனை தலையும் திரும்பியது. எல்லாம் ஆம்பிளைத் தலை. பரிமாறுகிற வேம்பு ஓடிவந்து சிரித்த முகமாக, "அம்மா, ஃபேமிலி ரூம் அந்தப் பக்கம். ஃபேன் போட்டுடறேன், வாங்கோ" என்றார்.

போனாள். ஒரு மேஜை, ஒரு பல்பு, வாசலை மறைத்துப் பச்சை வர்ணம் அடித்த தட்டி. ராமேஸ்வரம் போயும் சனீஸ்வரன் விடவில்லை என்பார்களே, அந்தக் கதை. அங்கேயாவது அவள் அந்நியப் பெண். இங்கே? மூன்று வருஷமாக நினைத்து நினைத்து நாக்கு ஊறிய இட்லி கண்ணீரில் உப்புக் கரித்தது.

வீட்டில் சொன்னபோது அய்யாதுரை சிரித்தான். "ஏளா, இட்லிதான வேணும்? ஆளனுப்பி வாங்கியாரச் சொல்லுதேன். ஒத்தையில ஆம்பிளைக நடுவுல உக்காந்துதான் திங்கணுமாக்கும்? ஊரு என்ன சொல்லும்?"

"ஊர் வாயை மூட உலைமூடி ஏது அண்ணே? எனக்கு இட்லி வேண்டாம். எதுத்தாப்ல ஒரு ஆள் வேணும்."

அவனுக்குப் புரியவில்லை. யாருக்குத்தான் புரியும்?

அடுத்த சனிக்கிழமை வேம்பு வாயைத் திறக்குமுன் நடுக்கூடத்தில் நாலு பேர் மேஜையில் போய் உட்கார்ந்துவிட்டாள். வேம்பு நெளிந்தார். கல்லாவில் இருந்தவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். இட்லி வந்தது. ஆனால் ஆள் வரவில்லை. டிபன் நேரக் கூட்டம். இடமில்லாமல் சுவரோரம் நிற்கிறவர்கள் நிற்கிறார்கள், அவளைச் சுற்றி மூன்று நாற்காலி காலி. வருகிறவர் வேகமாக வருவார், பொம்பிளை என்று பார்த்ததும் பிரேக் போட்டு ஒதுங்குவார். கண்ணுக்குத் தெரியாத தட்டி ஒன்று அவளோடு கூடவே வந்து நின்றது.

வேம்பு குனிந்து, "தப்பா எடுத்துக்காதீங்கோம்மா. மூணு சீட் வீணாறது. முதலாளி முறைக்கறார்" என்றார், குரலில் நிஜமான சங்கடத்தோடு.

எழுந்துவிடலாமா? எழுந்தால் இனி எந்த ஹோட்டலிலும் இந்தத் துணிச்சல் வராது என்று அவளுக்குத் தெரிந்தது. அப்போதுதான் பார்சல் வாங்குகிற இடத்தில் புஷ்பத்தைப் பார்த்தாள். கோயில் வாசலில் ரொம்ப வருஷமாகப் பூ விற்கிறவள். சற்று முன்னால்தான் இவளுக்கு மல்லிகை கொடுத்தாள். தினமும் இட்லிப் பொட்டலத்தை வாங்கிப்போய்க் குளத்துச் சுவரோரம் உட்கார்ந்து தின்கிறவள்.

"புஷ்பம்மா! இங்க வாங்க. உட்காருங்க."

"அய்ய, நானா? உள்ள குந்தினா கல்லாக்காரரு கத்துவாரு. இன்னாத்துக்கு வம்பு?"

"காசு கொடுத்துத்தானே வாங்கினீங்க? எனக்காக வாங்க. தனியாச் சாப்பிட்டுச் சாப்பிட்டு வெறுத்துப்போச்சு." சொல்லும்போதே குரல் உடைந்தது.

புஷ்பம் கிட்டே வந்தாள். "இதுக்கா அழுவுற? நல்ல பொண்ணு போ!" என்று பூக்கூடையைக் காலடியில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்தாள். கல்லாக்காரர் கத்த வாயெடுத்தார். பூக்காரிக்கு வாய் உண்டு என்பது அந்தத் தெருவுக்கே தெரியுமாதலால், வேறு யாருக்கோ சில்லறை கொடுக்கத் திரும்பிக்கொண்டார். வேம்பு கேளாமலே ஒரு கரண்டி சாம்பாரைப் புஷ்பத்தின் இலையில் ஊற்றிவிட்டுப் போனார்.

இரண்டு பேர் ஆனதும் அந்த மேஜை கொஞ்சம் மேஜை மாதிரி ஆயிற்று. கையில் டிபன் தட்டோடு, அவசரத்தில் வேர்த்துப்போயிருந்த ஒரு ஆபீஸ்காரர் அருகே வந்து தயங்கினார்.

"இங்க ஆள் வருதா?"

இந்தக் கேள்விக்காகத்தானே அவள் இத்தனை வருஷம் காத்திருந்தாள்! அதற்குள் புஷ்பம் முந்திக்கொண்டு சொன்னாள்: "குந்து நைனா. நாங்க ஒண்ணும் கடிச்சிட மாட்டோம்."

அவர் உட்கார்ந்தார். நாற்காலியை இழுத்தபோது முழங்கை ஜெயபாரதிமேல் இடித்தது. மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. ஜெயபாரதி மிளகாய்ப்பொடிக் கிண்ணத்தை மெல்ல அவர் பக்கம் தள்ளிவைத்தாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டு தின்ன ஆரம்பித்தார்.