வீட்டுச் சொந்தக்காரனாகிய நான்...

போன கிழமை ஒருவர் என்னிடம் என் சம்மதத்தைக் கேட்டார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இதுதான் முதல் தடவை!

யார் கேட்டார், ஏன் கேட்டார் என்று சொல்வதற்கு எங்கள் வீட்டுப் படிகளிலிருந்து தொடங்க வேண்டும்.

பதுளையில் எங்கள் வீடு ரோட்டுக்கு மேலே, மேட்டில் இருக்கிறது. ஏறி வந்தால் நமுனுகுலை மலை முழுசாகத் தெரியும். ஆனால் ஏறி வர வேண்டுமே... மீன்காரன்கூட இப்போதெல்லாம் கீழே நின்றுதான் கூவுகிறான். வாங்குவதானால் இறங்கி வா, இல்லாவிட்டால் பருப்பைச் சமை என்கிற மாதிரி. மனைவிக்கோ இரண்டு முழங்காலிலும் வலி. ஹாலிஎல பக்கம் சமதரையில் ஒரு வீடு பார்ப்போம், இதை விற்போம் என்று முடிவாயிற்று. முடிவு செய்தது அவள். நாலு பேருக்கு அறிவித்தது நான். எங்கள் வீட்டில் வேலைப் பிரிவினை எப்போதும் அப்படித்தான்.

நான் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளார்க். மற்றவர்களுடைய விண்ணப்பங்களில் பிழை பிடிப்பதற்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது. திகதி போடாமல் ஒரு காகிதம் என் மேசையைத் தாண்டியதில்லை. கச்சேரியில் எனக்குள்ள பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது.

அப்படிப்பட்டவன் என்ன செய்தேன் தெரியுமா?

பசறையிலிருந்து சின்னசாமி என்று ஒரு புரோக்கர் வந்தார். வெயிலோ மழையோ, கையில் குடை. மரியாதையான மனிதர். பேசிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து டைப் அடித்த அக்ரிமென்ட் ஒன்றை எடுத்து விரித்தார்.

"நம்ம வழக்கமான பேப்பர்தாங்கய்யா. எல்லாரும் போடுறதுதான்."

வழக்கமானது என்றால் வாசிக்கத் தேவையில்லை என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள்? எனக்குத் தெரியாது. ஆனால் நான் அந்தப் பாடத்தில் மட்டும் நன்றாகத் தேறியிருக்கிறேன். பேனாவைத் திறந்தேன். அடியில் ஒரு கோடும் இழுத்து, கவர்னர் மாதிரி ஒரு கையெழுத்து.

அதன் பிறகு 'பார்ட்டி'கள் வரத் தொடங்கினார்கள். படியேறி வருகிறவன் வந்ததும் வீடா பார்ப்பான்? கதிரையைப் பார்ப்பான். உட்கார்ந்து மூச்சு வாங்கியதும் தண்ணீர். தண்ணீருக்குப் பிறகு தேத்தண்ணீர். வீடு பார்க்க வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்ப முடியுமா? ஒருவர் கூரையைத் தட்டிப் பார்த்தார். ஒருவர் குசினி வாசலை வடக்கே மாற்றச் சொன்னார். கோர்ட்டில் தன் வழக்கு மத்தியானம்தான் கூப்பிடப்படும் என்பதால் அதுவரை பொழுதைப் போக்க வந்ததாக ஒருவர் மனசாரச் சொல்லிவிட்டே போனார். சீனிப் போத்தல் காலியானது. வீடு அப்படியே நின்றது.

கடைசியில் வாங்குகிறவரைக் கண்டுபிடித்தது என் மனைவி. அதுவும் எப்படி? கீழே பஸ்ஸுக்காக மழையில் நின்ற ஒரு வயதான ஜோடியை மேலே கூப்பிட்டுத் தேத்தண்ணீர் கொடுத்தாள். அந்த மனிதர் ஒரு வாய் குடித்துவிட்டுத் தயங்கினார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. இந்தத் தூளைக் கொஞ்சம் கூடுதலா காய வச்சிட்டாங்க."

அவர் முத்தையா. மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபாக்டரியில் டீ மேக்கர், தூள் தயாரிப்புக்குப் பொறுப்பானவர். மாசக் கடைசியோடு பென்ஷன். வேலை முடிந்தால் குவார்ட்டர்ஸும் முடிந்தது. புது டீ மேக்கரின் சம்சாரம் ஏற்கெனவே வந்து, திரைச்சீலை தைப்பதற்கு ஜன்னல்களை அளந்துவிட்டுப் போயிருக்கிறாளாம்.

"நாங்க உள்ள இருக்கிறப்பவே அளக்குறாங்க" என்றார் அவருடைய மனைவி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

எங்கள் படிகள் அவர்களுக்குப் படிகளாகவே தெரியவில்லை. மலையில் ஏறி இறங்கிய கால்கள். அன்றைக்கே விலை பேசியாயிற்று. தன்னிடம் உள்ளது இவ்வளவுதான் என்று அவர் மறைக்காமல் சொன்னார். மனைவியும் அதற்குத் தக்கபடி இறங்கி வந்தாள். அதற்குமேல் அவரால் ஏறவும் முடியாது, எங்களால் இறங்கவும் முடியாது.

அடுத்த நாள் குடை வந்தது. பின்னால் சின்னசாமி.

"வீடு முடிஞ்சிருச்சாமேங்கய்யா... ரொம்ப சந்தோஷம். கமிஷன் நூத்துக்கு அஞ்சு."

நீங்கள் கூட்டிவந்த ஆள் இல்லையே என்றேன். அவர் அக்ரிமென்டை விரித்து ஓர் இடத்தில் விரலை வைத்தார். ஆறு மாதத்துக்குள் வீடு யாருக்குப் போனாலும், யார் கூட்டிவந்தாலும், அவருக்குக் கமிஷன் உண்டு. நானே விற்றாலும் உண்டு!

"ஐயா கச்சேரியில இருக்கிறவரு. படிக்காமயா கையெழுத்துப் போட்டிருப்பீங்க?"

கேலியா, மரியாதையா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மனைவி குசினியிலிருந்து வந்து காகிதத்தை வாங்கினாள். நின்றபடியே முழுதும் வாசித்தாள்.

"இஞ்சேருங்கோ, இதை வாசிச்சனீங்களோ? இல்லாட்டி கையெழுத்து வைக்கிற இடத்தை மட்டும் பாத்தனீங்களோ?"

நான் நமுனுகுலையைப் பார்த்தேன். அன்றைக்குப் பார்த்து மூட்டம்கூட இல்லை.

நூற்றுக்கு ஐந்து என்றால் பேசிய விலைக்குக் கட்டுப்படியாகாது. விஷயம் முத்தையா காதுக்கும் எட்டியது. மறுநாளே மனைவியோடு பஸ் ஏறி வந்துவிட்டார். ஐயாவுக்குச் சிக்கல் என்றால் விட்டுவிடுங்கள், நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்றார். வேறு இடம் எதுவும் இல்லை என்பது அவர் மனைவியின் முகத்தில் எழுதியிருந்தது. அதை வாசிக்கக் கிளார்க் தேவையில்லை.

சின்னசாமியையும் கூட்டிக்கொண்டு எல்லோருமாகக் கடைவீதியில் இருக்கும், காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசின் கந்தோருக்கு இறங்கினோம். நொத்தாரிசு வயதானவர், வடக்கே எங்கள் ஊர்ப்பக்கத்து மனிதர். அக்ரிமென்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துச் சத்தமாக வாசித்தார்.

"'வீட்டுச் சொந்தக்காரனாகிய நான்'..."

நிறுத்தினார். பீரோவைத் திறந்து எங்கள் வீட்டு உறுதிப் பத்திரத்தின் பிரதியை எடுத்தார். பிறகு கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"நீர் எந்த வீட்டுக்குச் சொந்தக்காரர்? இது உம்மட மனிசிக்குத் தேப்பன் எழுதின சீதன வீடெல்லோ."

உண்மைதான். மாமனார் பதுளையில் வேலை பார்த்த காலத்தில் கட்டி, மகளுக்கு எழுதிக் கொடுத்த வீடு. வருஷக்கணக்காக 'என் வீடு, என் வீடு' என்று சொல்லிச் சொல்லி, அது யாருடையது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

சின்னசாமியின் குடை நழுவி விழுந்தது. நான் அவருடைய அக்ரிமென்டை வாசிக்கவில்லை. அவரோ உறுதியைப் பார்க்கவேயில்லை. வாசிக்காத இரண்டு பேர் சேர்ந்து செய்த ஒப்பந்தம் அது!

தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன். நொத்தாரிசு விடவில்லை. "வீட்டை இது கட்டாது. ஆனால் உம்மைக் கட்டும். வேலை செய்யச் சொல்லிக் கேட்டது நீரெல்லோ? அந்தாள் வழக்குப் போட்டால் கூட்டில ஏறப்போறது நீர்தான்."

விட்ட மூச்சைத் திரும்ப இழுத்துக்கொண்டேன்.

இதற்குப் பிறகு பேசியது மனைவி. முதலிலேயே என்னிடம் வந்திருந்தால் எவ்வளவு கேட்டிருப்பீர்கள் என்றாள் சின்னசாமியிடம். ஆள் கூட்டிவந்தால் நூற்றுக்கு இரண்டு என்றார் அவர், குரலும் கொஞ்சம் இறங்கியிருந்தது. சரி, நீங்கள் ஆள் கூட்டிவரவில்லை, ஆனால் படி ஏறியிருக்கிறீர்கள், அதற்கு ஒன்று என்றாள். ஹாலிஎலவில் எங்களுக்குச் சமதரை வீடு தேடும் வேலையையும் அவருக்கே கொடுத்தாள். இந்த முறை அக்ரிமென்டை அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். எத்தனை மாதத்துக்கு? நாங்களே ஒரு வீட்டைக் கண்டுபிடித்தால் என்ன? கூட்டிக்கொண்டு அலைகிற செலவு யாருடையது? காசு எப்போது — விலை பேசியதுமா, உறுதி முடிந்த பிறகா? ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவித்தாள்.

சின்னசாமி எழுதி முடித்து நெற்றியைத் துடைத்தார்.

"அம்மாவே கச்சேரியில இருந்திருக்கலாங்க."

அந்த ஒரு வீதம் யார் கணக்கில்? முத்தையாவின் விலையில் ஒரு சதம்கூட ஏறக் கூடாது, வீட்டுக் காசிலும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு. மிச்சம் என்ன இருக்கிறது? என் சம்பளம். சீனியும் என் சம்பளத்தில்தான் வாங்கினேன் என்பதைச் சின்னசாமிக்கு ஞாபகப்படுத்த நினைத்தேன். நினைத்ததோடு சரி.

வாசகர்களே, வீடு விற்கப் போகிறீர்களா? புரோக்கர்மார் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் எழுதியதைத்தான் கேட்கிறார்கள். கொடுக்கிற நாளில்தான் நாம் அதை முதல் முதலாக வாசிக்கிறோம்.

போன கிழமை உறுதி முடிந்தது. மனைவி கையெழுத்து வைத்தாள். பிறகு நொத்தாரிசு காகிதத்தை என் பக்கம் திருப்பினார். எங்கள் ஊர் வழக்கச் சட்டப்படி மனைவி சீதன நிலத்தை விற்பதற்குப் புருஷன் சம்மதிக்க வேண்டுமாம்.

"சம்மதமோ?" என்று கேட்டார்.

ஆகா! பேனாவைத் திறந்தேன்.

"வாசிச்சுப்போட்டு வையுங்கோ" என்றாள் மனைவி.

வாசித்தேன். முதல் எழுத்திலிருந்து முத்திரை வரை, எல்லைகளையெல்லாம் விரல் வைத்து வாசித்தேன். ஒரு திகதியில் பிழைகூடப் பிடித்தேன். நொத்தாரிசு கொட்டாவி விட்டார். சின்னசாமி குடையை இரண்டு தரம் விரித்து மடக்கினார். நான் கையெழுத்து வைத்து நிமிர்ந்தபோது மடுல்சீமைக்குக் கடைசி பஸ் போய்விட்டிருந்தது.

வேறு வழியில்லாமல் முத்தையாவும் மனைவியும் எங்களோடு படியேறினார்கள். பாதிப் படியில் எனக்கு உறைத்தது — அவர்கள் எங்களோடு வரவில்லை, நாங்கள்தான் அவர்களோடு போகிறோம். மாசக் கடைசி வரை நாங்கள் அந்த வீட்டில் விருந்தாளிகள்.

முத்தையா தன் பையிலிருந்து தோட்டத்துத் தூளை எடுத்து, தானே குசினிக்குப் போய்த் தேத்தண்ணீர் ஊற்றிவந்து கொடுத்தார். அப்படியொரு தேத்தண்ணீரை நான் அந்த வீட்டில் குடித்ததேயில்லை.

அதில் சீனியே இல்லை; போத்தல் காலி என்று நானும் சொல்லவில்லை, சீனி எங்கே என்று அவரும் கேட்கவில்லை.