நெற்றிக்காசு

கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி எங்கள் தோட்டத்துக்கு ஒரு கார் வந்தால், இறங்குகிறவர் நடையை வைத்தே சொல்லிவிடுவேன். தேங்காய் வாங்க வந்தவர் கதவைப் படாரென்று சாத்திவிட்டுச் சத்தமாகப் பேசுவார். என் வீட்டுக்காரரிடம் காசு காட்ட வந்தவர் கைக்குட்டையில் எதையோ பொத்திக்கொண்டு பூனை மாதிரி வருவார்.

பழைய வெள்ளி ரூபாய்க்குத் தரம் சொல்வதுதான் என் வீட்டுக்காரர் மோகனசுந்தரத்துக்குப் பித்து. பொள்ளாச்சியிலும் திருச்சூரிலும் காசு சேர்க்கிறவர்கள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்க மாட்டார்கள். காசின் ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்குவார். முதலில் காசில் பதித்த ராஜாவின் கன்னத்தைப் பார்ப்பார். மேடாக இருப்பதால் அதுதான் சீக்கிரம் தேயுமாம். அப்புறம் கிரீடம், காது. கடைசியில் திருப்பி வருஷம். கன்னத்தில் மயிர்க்கோடு அளவுக்குக் கீறல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். நான் தலைக்குப் புது மாதிரிப் பின்னல் போட்டுக்கொண்டு எதிரே நின்றால் மட்டும் தெரியாது. அது வேறு கதை.

எங்கள் பக்கத்து ஆட்கள் ஒரு காரியம் செய்வார்கள். பாட்டன் காலத்துக் காசாயிற்றே, நல்லபடியாகக் கொண்டுபோய்க் காட்டுவோம் என்று புளி போட்டு ஊறவைத்து, விபூதி போட்டுத் தேய்த்து, கல்யாணச் சொம்பு மாதிரிப் பளபளவென்று கொண்டுவருவார்கள். அவர் முகம் செத்துவிடும். "ஏனுங்க இப்படிப் பண்ணிப்போட்டீங்க? நூறு வருசத்து நெறத்த ஒரே தேய்ப்புல உரிச்சுட்டீங்களே!" என்பார். வந்தவர்களுக்கு ஒன்றும் புரியாது. அழுக்கை எடுத்ததற்கு இந்த மனுஷன் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறார் என்று என்னைப் பார்ப்பார்கள். நான் காபி போடப் போய்விடுவேன்.

அவர் ஆயுசெல்லாம் ஏங்கிய காசு ஒன்று உண்டு. ஆறாம் ஜார்ஜ் ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாயில் 1938 எங்கே கேட்டாலும் கிடைக்கும். 1939 கிடைக்கவே கிடைக்காது. கடைசி எண் ஒன்றுதான் வித்தியாசம். அந்த ஒன்பதை ஒரு தடவை கையில் தொட்டுவிட்டால் போதும் என்பார். தொட்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டால் காசு டப்பாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடி மாதத்தில், அவருடைய அக்கா ராமாத்தாள் மாரடைப்பில் போய்விட்டார். எனக்கு நங்கையா முறை. மாமியார் சீக்கிரமே கண்ணை மூடிவிட்டதால் தம்பிக்குச் சோறூட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி, எனக்குக் கட்டிவைத்ததுவரை எல்லாம் அவர்தான். ஒரு கல் தொலைவில்தான் அவர்கள் தோட்டம். பொறந்தவன் போர்த்த வேண்டிய கோடிச் சேலையை எடுத்துக்கொண்டு ஓடினோம்.

எங்களில் செத்தவர் நெற்றியில் சந்தனம் அப்பி ஒரு காசு வைப்பார்கள். நங்கையாவின் புருஷர் நஞ்சப்பண்ணன் விதைக் குதிருக்குள் கிடந்த ஒரு வெள்ளி ரூபாயை எடுத்து வைத்திருந்தார். அப்படி ஒன்று இருப்பதை நங்கையா தம்பியிடம் மூச்சு விட்டதில்லை. "அவங்கிட்டக் காட்டுனா டப்பாக்குள்ள போட்டுப் பூட்டிருவான்" என்று என்னிடம் மட்டும் ஒரு தடவை சிரித்தார்.

சேலையைப் போர்த்தக் குனிந்த என் வீட்டுக்காரர் குனிந்தபடியே நின்றுவிட்டார். தம்பிக்குத் துக்கம் தாளவில்லை என்று பொம்பளைகள் எல்லாம் ஓவென்று அழுதார்கள். எனக்குத்தான் அந்தப் பார்வை தெரியுமே. வருஷம் போட்ட பக்கம் மேலே இருந்தது. யாரும் தேய்க்காத காசு, கருநீலமாகப் படிந்த நிறம். 1, 9, 3. நாலாவது எண்ணின் மேல் சந்தனம் வழிந்து மூடியிருந்தது.

"நர்மதா, அது முப்பத்தொம்பதாட்டத் தெரியுது" என்று என் காதில் சொன்னார்.

"கம்முனு இருங்க. மனுசனா நீங்க?" என்றேன். வாய்க்கரிசி போடும்போதும் அவர் கண் அக்காவின் வாயில் இல்லை. அரிசி கழுத்தில் கொட்டியது.

மண் தள்ளுவதற்கு முன்னால் நெற்றிக்காசை எடுத்துக் குழி வெட்டினவருக்குக் கொடுப்பது வழக்கம். அன்றைக்குக் குழிக்குள் இறக்கும்போது உடம்பு ஒருபக்கமாகச் சாய, காசு நழுவித் தலைமாட்டில் எங்கோ விழுந்துவிட்டது. "உள்ளயே கெடக்கட்டும், அவளுது" என்று நஞ்சப்பண்ணன் அவருக்கு வேறு ரூபாயைக் கொடுத்தார். அவர்கள் தோட்டத்திலேயே அடக்கம் செய்து, மேலே நவதானியம் தூவிவிட்டு வந்தோம்.

அதோடு எங்கள் வீட்டுக்குச் சனி பிடித்தது. மழை பெய்தால் ஜன்னலோரம் போய் நின்றுகொள்வார். "இப்ப மண்ணு ஈரமாயிருக்கும். மொதல்ல பளபளப்புப் போயிரும். அப்பறம் கன்னத்துல பொரிப்பொரியாக் குழி விழும்" என்பார். எந்தக் கன்னம் என்று கேட்க எனக்குப் பயம். மண்ணுக்குள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தானே கிடக்கின்றன! யார் எந்தக் காசைக் கொடுத்தாலும் மூக்கருகே வைத்து, சந்தன வாசம் வருகிறதா என்று என்னை மோந்து பார்க்கச் சொல்வார். வெறும் உலோக வாசம்தான் வரும். வரவில்லை என்றால் நம்ப மாட்டார்.

ஒரு நாள் சோற்றில் கை வைத்தபடி அழுதார். "அக்கா மூஞ்சி மறந்துபோச்சு நர்மதா. போட்டோவப் பாத்தாலும் நெத்தியில வட்டந்தான் தெரியுது." திட்டத்தான் வாயெடுத்தேன். தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். தோண்டி அந்த எண்ணை ஒரு தடவை பார்த்துவிட்டால் வட்டம் போய்விடும், அக்கா திரும்பி வந்துவிடுவாள் என்றார். பேயைப் பிசாசு விரட்டுமா? எவ்வளவோ சொன்னேன், ஏறவில்லை.

போன சித்திரையில் பட்டப்பகலில் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பின்னாலேயே ஓடினேன். நங்கையாவைப் புதைத்த மேட்டின் தலைமாட்டில் போய் நின்றார். காற்றே இல்லை, ஒரு தென்னங்கீற்றுகூட அசையவில்லை. நஞ்சப்பண்ணன் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார். கடப்பாரையையும் பார்த்தார், இவரையும் பார்த்தார். எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருந்தது.

"காசா மாப்ளை?"

"ஒரே ஒருக்கா பாத்துப்போட்டு அங்கயே வெச்சர்றனுங்க மச்சான்."

"தோண்டு. நானே கூட நின்னு தோண்டறேன். அதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு சொல்லு. உங்கக்காளுக்குக் கன்னத்துல என்ன இருந்துச்சு?"

இவர் கண்ணை மூடிக்கொண்டார். சொல்லிவிட வேண்டுமே ஆண்டவனே என்று வேண்டிக்கொண்டேன்.

"மச்சம்" என்றார் கடைசியில். "எடது பக்கம்."

"ஒண்ணுமில்ல மாப்ளை" என்றார் நஞ்சப்பண்ணன். அவர் குரலில் கோபமே இல்லை. "மச்சமுமில்ல, மருவுமில்ல. சுத்தமான கன்னம். அம்பது வருசமா உனக்குச் சோறு போட்ட மூஞ்சி."

கடப்பாரை இவர் கையிலிருந்து தானாகக் கீழே விழுந்தது. மண்ணில் ஒரு சாணுக்குக் கீறல் விழுந்தது, அவ்வளவுதான். நஞ்சப்பண்ணன் அதைக் காலால் தள்ளி மூடினார். "கூட்டிட்டுப் போ அம்மிணி" என்றார் என்னிடம்.

இப்போதும் காசு பார்க்கிறார். தரம் சொல்கிறார், தப்புவதில்லை. சாயங்காலம் ஆனால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா மூஞ்சி எப்படி இருக்கும், சொல்லு" என்பார். ஏறின நெற்றி, சிரிக்கும்போது இடுங்குகிற கண், கொஞ்சம் எடுப்பான மேல் பல் என்று நான் சொல்லச் சொல்லக் குருடனுக்கு வழி சொல்கிற மாதிரிக் கேட்டுக்கொள்வார். முடித்ததும், "இல்ல நர்மதா, வட்டந்தான்" என்பார்.

போன மாதம் எனக்குக் கடுங்காய்ச்சல். கண் விழித்தபோது கட்டிலோரம் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷப்படுவதற்குள் தெரிந்துவிட்டது, அவர் பார்த்துக்கொண்டிருந்தது என் நெற்றியை. அவர் எழுந்து போன பிறகு மகள் யோகப்பிரியாவைக் கூப்பிட்டேன்.

"கண்ணு, நாஞ்செத்தா வெள்ளிக்காசு கிள்ளிக்காசுன்னு எதயும் தேடாதே. கடையில சில்லறை குடுப்பாங்கல்ல, அந்த ஒத்த ரூவா, அத வெய்யி."

"காய்ச்சல்ல என்னம்மா பேச்சு இது? அது எதுக்கு?"

"அதுல பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல சாமி. உங்கப்பன் எம்மூஞ்சியப் பாக்கட்டும்."