எல்லையும் முகூர்த்தமும்

இன்று இங்கே கனடாவில் பள்ளி முடிந்து பஸ்ஸில் பேப்பர் வாசித்துக்கொண்டு வந்தேன். எங்கள் அபார்ட்மென்டில் இருக்கும் அன்ரி பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"பிள்ளை, அயர்லாந்தில எல்லை போடுவினமோ, மாட்டினமோ?"

அவருடைய மகனுக்கு வேலை பிரிட்டன் பக்கத்துப் பெல்ஃபாஸ்டில். பெண் வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், அயர்லாந்தின் டப்ளினில். கலியாணமும் அங்கேதான், வாற தையில், காலை ஏழரைக்கு முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் விடிய முதல் பஸ் பிடித்து எல்லை தாண்ட வேண்டும். இப்போது அங்கே மறிக்க ஆளில்லை.

நான் கவனமாக விளக்கினேன். பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும் ஒப்பந்தத்தை மூன்று தரம் நிராகரித்தது. ஒப்பந்தம் இல்லாமல் விலகுவதும் வேண்டாமாம். விலகும் நாளை இரண்டு தரம் தள்ளிப்போட்டாயிற்று.

"எங்கட ஐயர் நாள் குறிச்சா குறிச்சதுதான். உவையளை நம்பி மாப்பிள்ளையை நடுறோட்டில நிப்பாட்ட ஏலாது."

உடனே மகனுக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, கலியாணம் இஞ்ச ஸ்காபரோவில. பெண் வீட்டோட நான் கதைக்கிறன். நீ லீவு எடு."

பாராளுமன்றத்துக்கு மூன்று வருடமாக முடியாதது அன்ரிக்கு ஆறு பஸ் தரிப்புக்குள் முடிந்துவிட்டது.

ஒரே சிக்கல், தையில் கலியாண ஹோல் ஒன்றும் காலியில்லை. எங்கேயாவது இருந்தால் கீழே எழுதுங்கள். முகூர்த்த நாளை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள்.