சந்தனம் வைத்த சாவி

தங்கையின் கல்லூரிக் கணக்கைத் திறக்க எங்கள் வீட்டில் மூன்று பேர் வேண்டியிருந்தது. வைபை வந்துவிட்டது என்றாலும், கோலா சாவா பக்கம் இரண்டு மேடுகளுக்கு நடுவே கிடக்கும் எங்கள் தோட்ட லயத்து வரிசை வீடுகளுக்குள் கைப்பேசி லைன் மட்டும் இறங்காது. கணக்கைத் திறக்கக் கேட்கும் ஆறு இலக்க ரகசிய எண்ணோ போனுக்குக் குறுஞ்செய்தியாகத்தான் வரும். ஆகவே தங்கை போனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஓடுவாள். அம்மா பாதி வழியில், கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் நிற்பார். விடுமுறைக்கு வந்த நான் கணினி முன்னால் விரலைத் தயாராக வைத்திருப்பேன். எண்கள் மேட்டிலிருந்து கிளம்பி, அம்மாவின் தொண்டை வழியாக என்னிடம் வந்து சேரும்.

எதிர்வீட்டு அக்கா துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டிருப்பார்.

“பாப்பா, ஆறு நம்பரா சொல்றியே. நாலா சொல்லு லா, நான் போயி லாட்டரிக் கடையில நம்பர் எடுக்கணும்.”

“விழுந்தா எனக்குப் பாதி, சரியா?” என்பாள் தங்கை மேட்டிலிருந்து.

“கத்துனதுக்குப் பாதியா? அப்ப உங்கம்மா நடுவுல நின்னதுக்கு?”

இந்தப் பேரம் முடிவதற்குள் எண் காலாவதியாகிவிடும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். லயத்துக்கே தெரிந்த எண்ணுக்கு ரகசிய எண் என்று பெயர்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனையின் குலை வெட்டுகிறவர், அம்மா அதன் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். நான் படித்து ஒரு பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்ததும் என்னை ஒரு திட்டக்குழுவில் போட்டார்கள். ஒரு மாணவர் ஓரிடத்தில் டிப்ளோமா முடித்துப் பட்டப்படிப்புக்கு வேறிடம் போகும்போது, தன் மின் அடையாளத்தையும் கையோடு கொண்டுபோக வேண்டும். பழைய இடம் கொடுத்ததைப் புதிய இடமும் ஏற்க வேண்டும். அதற்கு வழி தேடுவதுதான் குழுவின் வேலை. நான் இடம் மாறிய வருடம் சான்றிதழ் நகல்களை நெகிழிப் பையில் சுற்றிக்கொண்டு அப்பாவும் நானும் அலுவலகக் கவுண்டர் கவுண்டராக அலைந்தது ஞாபகம் இருந்ததால், ஒரு கூட்டத்துக்கும் நான் தாமதமாகப் போனதில்லை.

குழுவில் இரண்டு யோசனைகள் இருந்தன. ஒன்று, குறுஞ்செய்தி எண்ணையே தொடர்வது. செலவு குறைவு என்பதால் நிதிப் பிரிவிலிருந்து வந்திருந்தவர் அதைப் பிடித்துக்கொண்டார். இன்னொன்று நான் சொன்னது: கட்டைவிரல் அளவில் ஒரு சிறு சாவி. கணினியில் செருகினால் விளக்கு மினுக்கும். நடுவிலிருக்கும் தங்க நிற வட்டத்தை விரலால் தொட்டால் கணக்கு திறக்கும். அதற்குப் போன் வேண்டாம், லைனும் வேண்டாம்.

“இந்தக் காலத்தில் லைன் இல்லாத வீடு எங்கே இருக்கிறது?” என்று நிதிப் பிரிவுக்காரர் கேட்டார்.

“எங்க வீடு இருக்கு சார்” என்றேன்.

குழுவின் தலைவி ஒரு மலாய்க்காரப் பெண்மணி. எல்லோரும் அவரைப் புவான், அதாவது அம்மையார், என்போம். அவர் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். “உன் தங்கை இந்த மாதம்தானே இடம் மாறுகிறாள்? சாவியை அவளிடம் கொடு. வியாழக்கிழமை புதிய பல்கலைக்கழகத்தின் கணக்கை அவள் வீட்டிலிருந்து திறக்கட்டும். நாம் இங்கே திரையில் பார்ப்போம். திறந்தால் சாவி, திறக்காவிட்டால் குறுஞ்செய்தி” என்று மலாயில் சொல்லி முடித்தார்.

சனிக்கிழமை சாவியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். தங்கை செருகித் தொட்டாள். ஒரே தொடலில் பழைய கணக்கு திறந்தது. அம்மா கோழிக்கூண்டுக்குப் போகவே தேவையிருக்கவில்லை. நிம்மதியாகத் திரும்பினேன்.

வியாழக்கிழமை கூட்ட அறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். வைபை வழியாகத் தங்கையை அழைத்து, அவள் கணினித் திரையை எங்கள் திரையில் வரவைத்து, குரலை ஒலிபெருக்கியில் போட்டேன்.

“செருகிட்டேண்ணே. லைட்டு மினுக்குது. தொடுறேன்.”

திரையில் ஒன்றும் நடக்கவில்லை.

“தொட்டியா?”

“தொட்டுக்கிட்டே இருக்கேன். ஒண்ணும் ஆவல லா.”

நிதிப் பிரிவுக்காரர் பேனாவை மூடினார். இனி எத்தனை பிள்ளைகள் எத்தனை மேடுகளில் ஏறி நிற்கப்போகிறார்களோ என்று நினைத்தேன்.

“பாப்பா, சாவியில ஏதாச்சும் ஒட்டியிருக்கா பாரு.”

“ஒண்ணுமில்லண்ணே. பொட்டு மட்டுந்தான்.”

“என்ன பொட்டு?”

“காலையில அம்மா சாமிக்கிட்ட வச்சு எடுத்தாங்க.”

அம்மாவின் குரல் பின்னாலிருந்து வந்தது. “புதுச் சாமானுக்குச் சந்தனம் குங்குமம் வைக்காம எடுப்பாங்களா? உங்கப்பா மோட்டார் சைக்கிளுக்கும்தான் வச்சேன். அது ஓடலியா?”

“எங்க வச்சீங்கம்மா?”

“நடுவுலதான். வட்டமா தங்கக் கலர்ல இடம் விட்டுருந்தாங்களே, பொட்டுக்குன்னே விட்ட மாதிரி. நல்லா தடிமனா வச்சேன்.”

புவான் என்னைப் பார்த்து, அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். மறைக்க வழியில்லை, வரி விடாமல் மலாயில் சொன்னேன். முதலில் சிரித்தது நிதிப் பிரிவுக்காரர்தான்.

“பாப்பா, அதைத் துடைச்சிட்டுத் தொடு.”

“சாமிப் பொட்ட நகத்தால சுரண்டாதடி, குடு இங்க” என்றார் அம்மா. ஈரத்துணியால் அவர் பதமாகத் துடைத்த நேரம் முழுவதும் நாங்கள் அசையாத திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். “இந்தா. பின்னால ஒண்ணு சின்னதா வச்சிருக்கேன். இப்பத் தொடு.”

தொட்டாள். திரையில் தங்கையின் படம் வந்தது. கீழே அவளுடைய பாடங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. அவள் காலடி வைத்தேயிராத ஒரு பல்கலைக்கழகம், கவுண்டருக்கு அலையவிடாமல், நகல் கேட்காமல் அவளை உள்ளே விட்டது.

“தெறந்துருச்சா?” என்று அம்மா கேட்டார்.

“தெறந்துருச்சுமா.”

“பொட்டு வச்சதாலதான்” என்றார் அம்மா. அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

திட்டம் சாவியோடுதான் போனது. நிதிப் பிரிவுக்காரர் ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்: தொடும் இடத்துக்கு மூடி வேண்டும், அதற்கான பணத்தைத் தாமே ஒதுக்குவார். பயன்படுத்தும் முறையை விளக்கும் தாளைத் தமிழிலும் எழுதச் சொல்லிப் புவான் என்னிடம் கொடுத்தார். கடைசி வரியை அவரே சொல்லச் சொல்ல எழுதினேன்: ‘தொடும் வட்டத்தின் மேல் எதையும் பூச வேண்டாம். பின்பக்கம் வைக்கலாம்.’

தங்கை அதை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினாள். அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். “அதைத்தானே நான் அன்னிக்கே செஞ்சேன்.”

வருத்தப்பட்டவர் எதிர்வீட்டு அக்கா ஒருவர்தான். போன வாரம் என்னைப் பார்த்ததும் வேலிக்கு வந்துவிட்டார்.

“என்ன தம்பி இப்படிப் பண்ணிட்ட? மேட்டுலேர்ந்து சத்தமே காணோம். நான் இனிமே எந்த நம்பர எடுக்குறது?”