சாகுல் பாய் கடையின் போணி

ஓய்வு பெற்ற மறுவாரமே தெரிந்துவிட்டது, என்னால் வீட்டில் சும்மா இருக்க முடியாது என்று. மலேசியாவில், குளுவாங்கில் ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் லைன் சூப்பர்வைசர். நாள் முழுக்க நூறு பேரை மேய்த்தவன். வீட்டுக்கு வந்தால் மனைவி இல்லை. அவள் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. மகன் சிங்கப்பூரில். டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு, சமையலறையில் நின்றபடியே சாப்பிடுவேன்.

அப்போது ஆரம்பித்ததுதான் ‘ரமாய் ரமாய் போலாம்’. மலாயில் ‘ரமாய் ரமாய்’ என்றால் கூட்டமாக. மாதம் ஒரு சின்னக் கடையை வாட்ஸ்அப் குழுவில் சொல்வேன். குறித்த சனிக்கிழமை காலை எல்லாரும் கூட்டமாகப் போய் அங்கே சாமான் வாங்க வேண்டும். சூப்பர்மார்க்கெட்டுகளால் நொந்துபோன கடைகளுக்கு ஒரு தெம்பு. ஊருக்கு நல்லது என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். உண்மையில் எனக்கு ஆள் சத்தம் தேவைப்பட்டது.

மற்ற ஊர்களில் இதையே செய்ய நினைக்கும் இளைஞர்கள் எப்படி நடத்துவது என்று கேட்கிறார்கள். நன்றாக நடந்த கடைகளைப் பற்றி எழுதி என்ன ஆகப்போகிறது? சாகுல் பாய் கடையில் நான் செய்ததைச் சொல்கிறேன்.

பாய் தனி ஆளாக நடத்தும் மளிகைக் கடை அது. ரயில் நிலையத்துக்குப் பக்கம். நிகழ்ச்சிக்கு முந்தின வாரம் பார்க்கப் போனேன். “கூட்டமெல்லாம் எதுக்கு தம்பி, வர்றவங்க வந்துகிட்டுத்தான் இருக்காங்க” என்றார். நான் விடவில்லை. குழுவில் சூடேற்ற ஒரு யோசனையும் செய்தேன்: அன்று முதலில் வாங்குபவருக்கு ஒரு பரிசுக் கூடை. பாயிடம் அதைக் கேட்கவில்லை.

சனிக்கிழமை முப்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். பரிசுக் கூடை என்றால் சும்மாவா? கழுத்தில் அட்டையும் கையில் மைக்குமாக வரிசையை நேராக்கிக்கொண்டிருந்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. கதவைத் திறந்த பாய், அரிசி மூட்டையை இழுத்து வர உள்ளே போனார். அந்த நேரத்தில் ஒரு அம்மா வரிசையைக் கவனிக்காமல் நேரே கல்லாவுக்குப் போய், ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டு நின்றார். கடைக்குப் பக்கத்து பிளாட்டில் தனியாக இருக்கும் சரோஜா அக்கா. நெற்றியில் திருநீறு மட்டும்.

“அக்கா, லைன் இருக்கு லா” என்றது ஒரு குரல். வரிசையில் முதலில் நின்ற லலிதா குரலைத் தாழ்த்தினாள். “முத வியாபாரம் பாருங்க... நீங்க கொஞ்சம் பின்னால நில்லுங்களேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

எனக்கு நன்றாகக் கேட்டது. அக்கா லலிதாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். லலிதா என்ன சொல்கிறாள் என்று புரியாத அளவுக்கு நான் குழந்தை இல்லை. ஆனால் லைன் கலைந்துவிடுமே என்று, “லைன்ல வாங்கக்கா, சீக்கிரம் முடிஞ்சிரும்” என்றேன்.

பாய் மூட்டையோடு வெளியே வந்தபோது லலிதா காசை நீட்டிக்கொண்டிருந்தாள்.

“சரோஜாக்கா வரலியா?”

“லைன்ல இருக்காங்க பாய்” என்றேன்.

அக்கா அங்கே இல்லை. ரொட்டி கல்லாமேல் கிடந்தது.

வியாபாரம் அமோகம். மதியத்துக்குள் அலமாரிகள் காலி. எல்லாரும் போனபின் பாய் எனக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

“புருஷன் இறந்து காரியம் முடிஞ்ச மறுநாள் அந்தக்கா ரொட்டிக்கு வந்தாங்க. உள்ள வரல. ‘யாராச்சும் போணி பண்ணட்டும் பாய், அப்புறம் குடுங்க’ன்னு ரோட்டுலயே நின்னாங்க. நாந்தான் சொன்னேன், இனி நீங்கதான் போணின்னு. பிஸ்மில்லா சொல்லி அவங்க கையாலதான் வாங்குவேன். பதினோரு வருஷமாச்சு தம்பி.”

என் மனைவி இறந்த மூன்றாம் மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அட்சதைத் தட்டு முதலில் என்னிடம்தான் வந்தது. ஆணுக்கு யாரும் அப்படிச் சொல்வதில்லை. இது பாய் கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் அக்கா கடைக்கு வரவில்லை. இரண்டு முறை பிளாட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. இரண்டாம் வாரம், ஊருக்கு வெளியே இருக்கும் சூப்பர்மார்க்கெட்டில் கண்டேன். ஆளில்லாத மெஷின் கவுண்டரில் ஒரு ரொட்டியோடு நின்றிருந்தார். பஸ் ஏறி அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

“அக்கா, மன்னிச்சிருங்க. பாய் காத்துகிட்டு இருக்காரு.”

“தெரியும்.”

“அந்தப் பொண்ணு ஏதோ தெரியாம...”

“அது எனக்குப் புதுசு இல்ல தம்பி. காது பழகிப்போச்சு. நீங்க என் மூஞ்சியப் பாத்தீங்க. பாத்துட்டுத்தான் லைன்ல வாங்கன்னீங்க.” ரொட்டியைப் பையில் போட்டார். “அத்தன பேரு பாத்த எடத்துல இனிமே எப்படிப் போயி முதல்ல நிப்பேன்? இந்த மெஷின் யாருன்னு கேக்காது.”

பஸ் நிற்கும் இடம்வரை கூடவே போனேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போதும் இந்த வேலையைச் செய்கிறேன். கடைக்காரரிடம் நான் முதலில் கேட்பது, தினமும் இங்கே தனியாக வருகிறவர் யார் என்பதுதான். அவர் வந்து போகும்வரை கூட்டத்தைத் தெருமுனையிலேயே நிறுத்திவைக்கிறேன். இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

சாகுல் பாய் காலையில் கதவைத் திறந்து, அரைமணி நேரம் யாருக்கும் எதுவும் விற்பதில்லை. சில நாள் நானும் போய் வெளியே நிற்கிறேன். உள்ளே வா என்று அவர் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் நான் போக மாட்டேன்.